கறுப்புக்கு எட்டு, நீலத்துக்கு ஐந்து

திருவேற்காடு
8 ஆகஸ்ட் 2025, வெள்ளி இரவு

ஸ்வாதி,

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. ஆன்ட்டியிடமும் வேண்டாம், உன் மாமா வீட்டில் யாரிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததை வீட்டுக் குப்பைக்கூடையில் போடாதே. ஆவடியிலிருந்து நம் வகுப்புக்கு வருகிற ஆக்னஸிடம் கெமிஸ்ட்ரி நோட்டு என்றுதான் கொடுத்தனுப்புகிறேன். பிரவுன் அட்டைக்குள் பார்க்கச் சொல் என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. "நான் இன்னா போஸ்ட்மேனாடி" என்று மட்டும் கேட்டாள்.

போனில் பேச வழியில்லை. உன் போன் உன் அப்பாவிடம் இருக்கிறதாமே. என்னுடையதை அம்மா ஒன்பது மணிக்கு வாங்கி பீரோவில் வைத்துவிடுகிறாள். காலையில் யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் கைக்கு வருகிறது. இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். அம்மா எழுந்து வந்தால் சொல்வதற்காக ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன்.

ஆன்ட்டிக்கு எப்படி இருக்கிறது? இடுப்பில் பிளேட் வைத்த இடம் வலிக்கிறதா? என் அம்மா ஆவடிக்கு உன் அம்மாவைப் பார்க்க வந்தபோது என்னையும் கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கிள் மட்டும் எப்போதாவது வந்து போகிறார். அந்தக் கதவைப் பார்க்காமல் படி இறங்கப் பழகிக்கொண்டேன்.

இங்கே எல்லாரும் என்னிடம் அன்பாகப் பேசுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆடி முதல் ஞாயிறு ஆன்ட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாவம், அது காதுல அந்த மிஷினை மாட்டிட்டு இருந்திருக்கு. அதுக்கு என்ன தெரியும்" என்று மூன்றாம் மாடி லோகநாயகி ஆன்ட்டி என் கன்னத்தைத் தடவினார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அங்கிள் உன்னைத்தான் திட்டுகிறார் என்று ஆக்னஸ் சொன்னாள். ஹெட்போனை எனக்குக் கொடுத்தது நீ என்பதால். உன்னைப் பள்ளிக்கு அனுப்பாததற்கும் அதுதான் காரணமா? நிஜமென்றால் அது நியாயமில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னொன்றும் எழுதவேண்டும். இன்று வரவில்லை.

அன்று வயிற்று வலி என்று டியூஷன் டெஸ்ட்டுக்கு வராமல் இருந்தேனே, அது பொய். நம் யூடியூப் சேனலுக்கான ஹெட்போன் ஒப்பீட்டை முடித்துவிட வேண்டும் என்றுதான் வீட்டில் இருந்தேன். இப்போதைக்கு இதை மட்டும் சொல்கிறேன்.

பிரியா

*

ஆவடி
11 ஆகஸ்ட் 2025

பிரியா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கும்படி அதில் என்ன இருக்கிறது? டெஸ்ட்டுக்கு வராதது அவ்வளவு பெரிய ரகசியமா? யாரிடமும் காட்டவும் இல்லை, பயப்படாதே.

ஆனால் கோபம் இருக்கிறது. திருவேற்காட்டிலிருந்து ஆவடி என்ன அமெரிக்காவா? மூன்று வாரத்தில் தலைவலி இல்லாத நாள் ஒன்றுகூட உனக்கு அமையவில்லையா? எல்.கே.ஜி. மிஸ்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். யார் வந்தாலும் அம்மா வாசலைப் பார்க்கிறாள். "பிரியா வர்லியா" என்று உன் அம்மாவிடமே கேட்டாள்.

அம்மா வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைக்கிறாள். ஐந்தாவது எட்டில் முகம் வெளுத்துவிடுகிறது. பாத்ரூமுக்குத் தூக்கிப் போவது, துடைப்பது, மாத்திரை எல்லாம் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் என் அம்மா. ஆனால் அப்பா அதைத் தண்டனையாகக் கொடுக்கிறார் பார், அதுதான் வலிக்கிறது. "நீ குடுத்த சாமான்தான் உங்கம்மாவைப் படுக்க வச்சிருக்கு. அவ நடக்கிற வரைக்கும் நீ கூட இரு. ஸ்கூலுக்குப் போய்ச் சாதிச்சது போதும், பரீட்சைக்குப் போய் எழுதிட்டு வா" என்கிறார். பன்னிரண்டாம் வகுப்பை வீட்டில் உட்கார்ந்து படித்துவிடலாமாம். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். 25ஆம் தேதி திங்கட்கிழமை, இனி நான் வகுப்புக்கு வரமாட்டேன் என்று அப்பா பள்ளியில் எழுதிக் கொடுக்கப் போகிறார்.

நீல ஹெட்போனை என் கண்முன்னால் இரண்டாக மடக்கினார். மடக்குகிற மாடல்தான் அது, ஆனால் அந்தப் பக்கமாக இல்லை. கறுப்பு, மாமா மகன் விஷ்ணு அண்ணாவுடையது என்பதால் தப்பித்தது. அண்ணாவுக்கு நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்கும்போது அது மேசைமேல் கிடக்கிறது.

நம் சேனலுக்கு நான் எழுதி வைத்த முதல் வரி நினைவிருக்கிறதா? "வீடே இடிந்தாலும் கேட்காது." சனிக்கிழமை ராத்திரி இரண்டையும் உன்னிடம் கொடுக்கும்போது அப்பா முன்னால்தான் சொன்னேன். அதையே அவர் எனக்குத் தினமும் திருப்பிச் சொல்கிறார்.

அதனால் நேற்று கறுப்பைப் போட்டுப் பார்த்தேன். ஃபேன் சத்தம் காணாமல் போனது. மாமாவின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ரயில் போனது. தடதடப்பு அமுங்கிவிட்டது, ஹாரன் கேட்டது. அம்மா கட்டிலிலிருந்து "ஸ்வாதி" என்றாள். கேட்டது, பிரியா. கதவைச் சாத்திவிட்டும் பார்த்தேன். மெல்லிசாக, ஆனால் கேட்டது. சீராக ஓடுகிற சத்தத்தைத்தான் அது விழுங்குகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழுங்கவில்லை.

உனக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போனது? பாட்டு ஓடியதா? எவ்வளவு சத்தத்தில்? கோபப்படமாட்டேன், சரியாக எழுது. அது நிஜமாகவே காதை அடைத்துவிடும் என்றால் அப்பா சொல்வது சரி, அம்மாவைப் படுக்க வைத்தது நான்தான். எது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்வாதி

*

திருவேற்காடு
14 ஆகஸ்ட் 2025, இரவு

ஸ்வாதி,

பாட்டு ஓடியது. முழுச் சத்தத்தில். கோயில் ஒலிபெருக்கி வேறு காலை ஐந்து மணியிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. உனக்கே தெரியும், ஆடி ஞாயிறு என்றால் நம் தெருவில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

உனக்குக் கேட்டதற்கு உன் மூக்குக்கண்ணாடிதான் காரணம். காம்பு போகிற இடத்தில் மெத்தை சரியாக உட்காராது, அந்த இடைவெளியில் சத்தம் உள்ளே வரும் என்று நீயே நோட்டில் எழுதியிருக்கிறாய். எனக்குக் கண்ணாடி இல்லை. நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதிலிருந்து எழுதுகிறேன்: கறுப்பில் அடி ஓசை கனமாக இருக்கிறது, தவில் அடித்தால் நெஞ்சில் விழுகிறது. நீலத்தில் பாடுகிறவர் குரல் தெளிவு. கறுப்பின் மெத்தைக்குள் காது முழுதாகப் போய்விடும், ஆனால் அரை மணியில் வியர்த்துவிடும். நீலம் லேசு, காதின்மேலேயே உட்காருவதால் கம்மல் திருகாணி பின்னால் குத்துகிறது. அமைதி என்று பார்த்தால் கறுப்புதான். மொத்தத்தில்

மொத்தத்தில் என்ன என்று தெரியவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

நீ காரணமில்லை. அதை மட்டும் நம்பு. எப்படித் தெரியும் என்று கேட்காதே. அங்கிளிடம் நான் வந்து பேசினால் கேட்பாரா? என்ன பேசுவது? போன வாரம் அவரைப் படியில் பார்த்தேன். "நல்லா படிம்மா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

பிரியா

*

ஆவடி
18 ஆகஸ்ட் 2025

பிரியா,

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தேன். கம்மலையும் கழற்றினேன். முடியை மேலே தூக்கிக் கட்டினேன். முழுச் சத்தத்தில் பாட்டுப் போட்டால் நீ சொன்னது சரிதான், அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்தான் காரணம் என்று முடிவாகிவிட்டதல்லவா?

நான் அழுவதை அம்மா பார்த்துவிட்டாள். தலையில் ஹெட்போனோடு அழுவதைப் பார்த்து, சோகப் பாட்டா என்று சிரித்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, உனக்குக் கொடுத்த வாக்கு. நான் சோதித்துப் பார்த்ததைச் சொன்னேன்.

அம்மா கை நீட்டி ஹெட்போனை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மோட்டர் நின்னுச்சுடி."

என்ன மோட்டர் என்று கேட்டேன்.

"அன்னிக்கி. டேங்க் ரொம்பி ஊத்துனு இருந்துச்சு. நான் வுழுந்ததும் பிரியான்னு கத்துனேன். ரெண்டு தபா. மோட்டர் நின்னுச்சு. சரி, புள்ளைக்குக் கேட்டுட்ச்சு, வந்துகினு கீதுன்னு படுத்துனு இருந்தேன்."

அப்புறம்?

"அப்புறமும் கூப்ட்டேன்." அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சின்னப் பொண்ணு, உடு" என்றாள். நானும் சின்னப் பெண்தானே, என்னைத் திட்டும்போது மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர். அவளைப் போய் அழவைத்தேன், பார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டர் போடுகிற முறை உங்கள் வீட்டுடையது. உன் அப்பா அம்மா கோயிலில் இருந்தார்கள்.

மோட்டரை நிறுத்தியது நீயா? ஆமாம் அல்லது இல்லை. ஒரே சொல்லில் எழுது. கம்மல் திருகாணியைப் பற்றி எழுதாதே.

அப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணிமணி எடுக்க எங்கள் வீட்டுக்கு வருகிறார். ராத்திரி அங்கேயே தங்குவார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்விடுவார்.

ஸ்வாதி

*

திருவேற்காடு
22 ஆகஸ்ட் 2025, வெள்ளி இரவு

ஸ்வாதி,

ஆமாம்.

ஒரே சொல்லில் கேட்டாய். ஆனால் அதோடு நிறுத்தினால் அதுவும் தப்பிப்பதுதான். மோட்டரை நிறுத்தியது அதில் சின்னப் பகுதி.

அம்மாவும் அப்பாவும் எட்டு மணிக்குக் கூழ் ஊற்றுகிற இடத்துக்குப் போய்விட்டார்கள். நீ டெஸ்ட்டுக்கும் அங்கிள் டியூட்டிக்கும் போயாகிவிட்டது. ஒன்பதரைக்கு மோட்டரைப் போட்டேன். கால் மணியில் நிறுத்தவேண்டும், மறந்துவிட்டேன். ஹாலில் தரையில் இரண்டு ஹெட்போனையும் வைத்துக்கொண்டு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஃபேன், மிக்ஸி, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் மார்க் போட்டாகிவிட்டது. கடைசி வரிசை மட்டும் காலி. "பக்கத்து வீட்டுக் குரல்" என்று நீ தலைப்புப் போட்டு விட்டிருந்தாயே, அது.

டேங்க் நிறைந்து தண்ணீர் டக்ட்டுக்குள் கொட்டுகிற சத்தம் கேட்டது. நம் இரண்டு பாத்ரூம் ஜன்னலும் திறக்கிற அந்தச் சந்து வழியாக ஆன்ட்டி "பிரியா" என்று கூப்பிட்டார்கள். அப்போது என் காதில் எதுவும் இல்லை. நன்றாகக் கேட்டது. மூன்று வருடமாக ஆன்ட்டி அந்த ஜன்னல் வழியாக என் பேரைக் கூப்பிட்டால் ஒரே அர்த்தம்தான்: மோட்டரை நிறுத்து. வேறு எதற்கும் அந்த வழியாகக் கூப்பிட்டதே இல்லை. குரல் வேறு மாதிரி இருந்ததா என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். இருந்தது என்றுதான் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. எழுந்து வெளியே போய், எங்கள் வாசலை ஒட்டிய பெட்டியில் சுவிட்சை நிறுத்தினேன். உங்கள் கதவு நாலடியில் இருந்தது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

மறுபடியும் கூப்பிட்டார்கள். தண்ணீர் உங்கள் ஜன்னல் வழியாக உள்ளே தெறித்து பாத்ரூம் தரையெல்லாம் நனைந்திருக்கும், அதற்குத் திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். தரை நனைந்துதான் இருந்தது. அதில்தான் வழுக்கினார்கள் என்று பிறகு தெரிந்தது.

இனிமேல் எழுதப்போவதை உன்னால் படிக்க முடியாவிட்டால் நிறுத்திவிடு.

பதில் சொல்லவேண்டாம் என்று உட்கார்ந்திருந்தபோது, காலியாக இருந்த கடைசி வரிசை கண்ணில் பட்டது. இதுதான் சரியான குரல் என்று தோன்றியது. நீலத்தைப் போட்டேன், கேட்டேன். கழற்றிவிட்டுக் கறுப்பைப் போட்டேன், கேட்டேன். சந்தேகம் வந்து மறுபடி நீலத்தைப் போட்டேன். ஆன்ட்டி நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு வசதியாக இருந்தது. சத்தத்தைத் தடுப்பதில் கறுப்புக்கு எட்டு, நீலத்துக்கு ஐந்து என்று மார்க் போட்டேன். "கறுப்பில் பாட்டும் போட்டால் குரல் துளியும் கேட்கவில்லை" என்று குறிப்பும் எழுதினேன். எழுதிவிட்டுப் பாட்டை மறுபடி போட்டேன். பன்னிரண்டேகால் வரை கழற்றவில்லை.

அந்தத் தாளை மறுநாள் கிழித்து எடுத்துவிட்டேன். எரிக்கத்தான் நினைத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்.

டேங்க்கைப் பார்க்க மாடிக்கு ஏறிய வாட்ச்மேன் மணவாளன் அண்ணனுக்குத்தான் முனகல் கேட்டிருக்கிறது. அவர் உங்கள் வாசல் கதவை உடைத்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "இன்னா பாப்பா, ஆன்ட்டி அங்க வுழுந்து கெடக்குது, நீ இங்க இன்னா பண்ணிகினு கீற?" என்று கேட்டார். ஹெட்போன் என் கழுத்தில் தொங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கூழ்த் தூக்கோடு படியேறி வந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். "காதுல மாட்டியிருந்தா அண்ணே, அவளுக்கு எப்படிக் கேக்கும்" என்றாள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அவள் பொய் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்குமுன் யாராவது அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். நான் ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அங்கிள் உன்னைத் திட்டுகிறார் என்று தெரிந்த பிறகும் ஆட்டினேன். உன் கண்ணாடிமேல் பழி போட்டு எழுதினேனே, அந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்குக் கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

ஹெட்போனால் கேட்காமல் போகவில்லை, ஸ்வாதி. எனக்குக் கேட்டது. கேட்ட பிறகுதான் மாட்டினேன். நீ கொடுக்காமல் இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். ஆன்ட்டிக்கு இது முழுவதும் தெரியாது. மோட்டர்வரைதான் தெரியும். அவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது இந்தத் தாளைப் பற்றித் தெரியாததால். தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? நீயே முடிவுசெய்துகொள். யாரிடமும் காட்டாதே என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன்.

இதை எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒன்று செய்துவிட்டேன். எழுதி முடித்த பிறகு செய்யலாம் என்று வைத்தால் செய்யமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அங்கிள் ஏழு மணிக்கு வந்தார். எங்கள் வீட்டில் விளக்கணைத்த பிறகு, உங்கள் கதவுக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டேன். "அங்கிள், அன்று ஆன்ட்டி கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ஹெட்போன் போடுவதற்கு முன்பே கேட்டது. நான் வரவில்லை. ஸ்வாதிமேல் தப்பில்லை, திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். கிருஷ்ணப்பிரியா." பாதி உள்ளே போனதும் இழுத்துவிடலாம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். பிறகு விரலால் சுண்டிவிட்டேன்.

அது ஒரு மணி நேரத்துக்கு முன்பு. உங்கள் ஹாலில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் இன்னும் பார்க்கவில்லை போல. காலையில் பார்ப்பார். அதற்குள் அம்மாவிடம் நானே சொல்லிவிடவேண்டும். அப்பாவிடம் எப்படி என்று தெரியவில்லை. பள்ளியில் தெரிந்தால் ஆக்னஸ் என்னோடு உட்காருவாளா என்றெல்லாம் நினைப்பு ஓடுகிறது. வெட்கமாக இருக்கிறது, இந்த நேரத்திலும் என்னைப் பற்றியே

உங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் திறக்கிறது.

வெளியே வந்து நிற்கிறார். நடக்கவில்லை. கையில் தாள் சரசரக்கிறது, இங்கே வரை கேட்கிறது.

தட்டுகிறார். அப்பா புரண்டு படுக்கிறார். "யாருங்க இந்நேரத்துல, நான் போய்ப் பார்க்கிறேன்" என்று அம்மா கட்டிலிலிருந்து கால் இறக்குகிறாள். ஸ்வாதி, அவள் போய் எனக்காகப் பதில் சொல்வதற்குள் நான்